துன்பியல் என்னும் முத்திரை

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிய ஊர்களிலே ஆசிரியத் தொழில் செய்பவன் நான். என் மாணவன் ஒருவன் ஒரு கதை எழுதினான். கடன்பட்டுக் குத்தகைக்கு வேளாண்மை செய்தவன். காவலுக்கு ஆள் பிடிக்க வழியின்றித் தானே பரணில் ஏறுகிறான். யானை அடித்து இறக்கிறான். கடன் இறக்கவில்லை. மறுநாள் இரவு மகன் அதே பரணில் ஏறுகிறான். கதை அவ்வளவே.

போட்டி நடுவர் ஒருவர், ‘துன்பியல் முடிவு, விதியின் வலிமை தெரிகிறது’ என்று மெச்சினார். மற்றவர் நம்மவர், முற்போக்காளர், ‘துன்பியல் முடிவு, நம்பிக்கை இல்லை’ என்று தள்ளினார். மெச்சியவரும் தள்ளியவரும் ஒரே சொல்லை ஒரே பிழையோடு ஆண்டனர்!

துன்பியல் என்பது யாது? இறுதியில் ஒரு பிணம் விழுவதா? நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவேண்டும், வீழ்ச்சி ஒரு பிழையின் விளைவாதல் வேண்டும் என்றார் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் அரிஸ்டோட்டில். அவர் கண்ட நாயகன் உயர்குடியினன். நமது தொல்காப்பியமோ அழுகை பிறக்கும் களன்கள் நான்கனுள் வறுமையையும் வைத்தது. இரண்டு நூல்களும் துயரின் காரணத்தையே தேடுகின்றன.

நம் பாடக்குறிப்புகளோ ‘வடமோடி துன்பியல், தென்மோடி இன்பியல்’ என்று வாய்பாடு ஒப்புவிக்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ வடமோடியே. கர்ணன் மாண்டான் என்பதற்காக மட்டுமா நாம் கலங்குகிறோம்? பிறப்பால் இழிக்கப்பட்டவன் செஞ்சோற்றுக் கடனால் பிழையான பக்கம் நின்றானே, அந்தக் கட்டை அறிந்தன்றோ கலங்குகிறோம்! இத்தகைய கூத்தும் மங்களம் பாடியே முடிகிறது. மங்களம் பாடியதால் அது இன்பியல் ஆகிவிடுமா?

யானை வந்தது தற்செயல் எனலாம். காடு சுருங்கியதும், வேலி இல்லாததும், கடன்பட்டவன் பரண் ஏறியதும் தற்செயலா? இவற்றை ‘விதி’ என்று மூடுவது பொய். முற்போக்கு நண்பர்களே, கடைசி வரியில் மட்டும் ஒரு செங்கொடியை நாட்டி மூடுவதும் பொய்யே. திரைப்படத்தின் ‘சுபம்’ அட்டைக்கும் அதற்கும் வேற்றுமை யாது? காரணத்தை வாசகன் கண்டுகொண்டானாயின், மாற்றலாம் என்ற எண்ணமும் அவனுள் பிறக்கும். கதை தரத்தக்க நம்பிக்கை அதுவே.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, ‘இது இன்பியலா, துன்பியலா?’ என்ற வினாவைச் சற்றே ஒத்திவையுங்கள். ‘ஏன் இவ்வாறு முடிந்தது?’ என்று கேளுங்கள். முடிவைத் திருத்தி எழுத என் மாணவன் மறுத்துவிட்டான். நானும் அவனைத் திருத்தச் சொல்லப்போவதில்லை.