வரப்போகும் உலாவியும் வாராத நன்மையும்

விழா மலரில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் கடந்த காலத்தின் பெருமையையே பேசுவர். அது தக்கதே. ஆயினும், இக்கல்லூரித் தாயின் மடியிற் கற்றுப் பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர் அனைவரும் நாள்தோறுங் கையாளுங் கருவியொன்றின் வருங்காலங் குறித்து ஈண்டுச் சில கூறத் துணிந்தோம். இணைய உலாவியே அக்கருவி. உலகத்து எழுத்தனைத்தும் இன்று அவ்வாயில் வழியாகவே நம் கண்முன் வருகின்றன. வாயிலை மாற்றியமைப்போர் வீட்டையே மாற்றவும் வல்லர் ஆதலின், தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவாரென நம்புகின்றோம்.

உலாவியை ஆக்குவோர் இப்போது முழக்குகின்ற செய்தி ஒன்றே. அடுத்தடுத்து வரும் இற்றைப்படுத்தல்களால் செயற்கை நுண்ணறிவு உலாவியின் உள்ளேயே குடிபுகும், பக்கத்தை நமக்காகத் தானே படித்துச் சுருக்கி உரைக்கும், வினாவுக்கு விடையிறுக்கும், படிவங்களையும் நிரப்பித் தரும் என்கின்றனர். 2025 செப்தெம்பரில் கூகிள் நிறுவனம் தனது குரோம் உலாவியில் இத்தகைய துணையைப் புகுத்தியது. அடுத்த மாதமே ஓப்பன் ஏஐ நிறுவனம் அற்லஸ் என்னும் புதிய உலாவியை வெளியிட்டது. அவ்வாண்டு திசெம்பரில் பயர்பொக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லாவும் அவ்வழியே செல்லப்போவதாக அறிவித்தது. பயனர் பலர் முறையிடவே, வேண்டாதார் அனைத்தையும் ஒருங்கே நிறுத்துதற்கு ஆளியொன்று தருவோம் என்று உறுதியும் கூறியது. இனி வரும் பதிப்புக்கள் இவற்றை மேலும் விரிக்கும் என்கின்றனர். இவ்வாக்குறுதிகளை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். காரணங்களையும் முறையே கூறுவோம்.

அதற்குமுன் ஒன்று. புதுமையென்றால் முகஞ் சுளிக்கும் கூட்டத்தினர் அல்லேம் நாம். இற்றைப்படுத்தல் நின்றுபோயின் நேருந் தீங்கை உலகம் ஒருமுறை கண்டுளது. 2001 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இன்டர்நெற் எக்ஸ்புளோறரின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது. ஏழாம் பதிப்பு 2006 இலேயே வந்தது. உலகத்தாரிற் பெரும்பாலார் கையாண்ட உலாவி ஐந்தாண்டு தேங்கிக் கிடந்தமையாற் கள்வர்க்குப் புழைகள் பல வாய்த்தன. இணையக் கலையும் முடங்கிற்று. ஆதலின், புழையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மறுப்பது கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். எமது ஐயம் காப்புக் குறித்ததன்று. அதனோடு சேர்த்துக் கட்டித் தரப்படும் ஏனைய பொருள்களைக் குறித்ததே.

எமது முதலாவது எதிர்வுகூறல் இது: சொல்லிய நாளிற் சொல்லிய நன்மை வாராது. சான்று சேய்மையில் இல்லை. நாம் ஓரிடத்திற் பார்த்ததை வேறோரிடத்தில் விளம்பரமாகக் காட்டுதற்கு உதவும் ‘குக்கி’ என்னும் சிறு குறிப்புக்களை, அதாவது பிறர் தளங்கள் நம் கணினியில் வைத்து நம்மைப் பின்தொடர்வனவற்றை, ஈராண்டுக்குள் ஒழிப்போம் என 2020 சனவரியிற் கூகிள் அறிவித்தது. 2021 இல் அந்நாள் 2023 ஆயிற்று. 2022 இல் 2024 ஆயிற்று. 2024 ஏப்பிரலில் 2025 ஆயிற்று. ஈற்றில் 2024 யூலையில், ஒழிக்கும் எண்ணத்தையே கைவிட்டோம் என்றனர். கடன்பட்டவன் கூறுந் தவணையும் இத்துணை முறை நீளாது. பயனர்க்கு நன்மை தருவதும் ஆக்குவோர் வருவாயோடு மாறுபடுவதுமாகிய எதற்கும் இக்கதியே நேரும் என்பது நாம் இதனாற் கற்ற பாடம்.

இரண்டாவது, தமிழர்க்கு அந்நன்மை பிந்தியும் குறைந்துமே வரும். குரோமிற் புகுந்த துணை முதற்கண் அமெரிக்காவில் ஆங்கிலத்திற் கையாள்வோர்க்கே வழங்கப்பட்டது. தமிழுக்கு வருங்காலும் அது எவர் தமிழை அறிந்து வரும் என்பது வினா. ‘ஆறுதலாக வாருங்கள்’ என்று யாழ்ப்பாணத்தார் கூறின், விரையாது வருக என்பது பொருள். அச்சொல்லைத் துயர் தணித்தல் என்னும் பொருளிலேயே மிகுதியாகக் கண்டு பயின்ற பொறி, இழவு வீட்டுக்கு அழைத்ததாகச் சுருக்கி உரைப்பினும் வியப்பன்று. ‘கதைத்தான்’ என்பதும் அத்தகையதே. பெருந்தொகையோர் வழக்கையே பொறி கற்குமாதலின், சிறுதொகையினராகிய ஈழத்தார் வழக்கு அதன் வாயிற் பிழைபட்டே வரும் என்று அஞ்சுகின்றோம்.

மூன்றாவது, கூட்டியதைப் பறையறைந்து கூறுவோர் கழித்ததை மெல்லெனவே கூறுவர். 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸின் ஐம்பத்தேழாம் பதிப்பு விரைவில் மேம்பட்டது என்பது உண்மையே. ஆனால் அதே நாளில், அன்பர் பலர் ஆண்டுக்கணக்கில் ஆக்கியளித்த பழைய நீட்சிகள் அப்பதிப்பில் இயங்காதொழிந்தன. பழைய சொற்கள் வழக்கொழிதலும் புதியன புகுதலுங் குற்றமாகா எனப் பவணந்தியார் அமைதி கூறினார் எனச் சிலர் எம்மை மறுக்கலாம். பவணந்தியார் கூறியது மொழியை வழங்கும் மக்கள் தாமே காலப்போக்கிற் கைவிட்டவற்றை. ஈண்டோ பயனர் கைவிடவில்லை. ஆக்கியோனே ஓரிரவில் அகற்றினான். இரண்டும் ஒன்றல்ல.

இதனை நாம் பட்டறிந்தே கூறுகின்றோம். ஆண்டுகள் பலவற்றுக்கு முன், கீழ்வகுப்பு மாணவர்க்கென எழுத்தும் ஒலியும் அசையும் படமுங் கலந்த தமிழ்ப் பாடங்கள் சிலவற்றை நாமும் நண்பர் சிலரும் சேர்ந்து அமைத்தோம். உயிர்மெய்யெழுத்தைத் தொட்டால் அதன் ஓசை எழும். சொல்லைப் பிரித்தாற் புணர்ச்சி விளங்கும். அக்காலத்து அத்தகைய பாடங்களுக்கெல்லாம் பிளாஷ் என்னும் மென்பொருளே கருவி. அதனை வழங்கிவந்த அடோபி நிறுவனம் 2020 திசெம்பர் 31 உடன் ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் பிளாஷ் ஆக்கங்கள் இயங்காவாறு அந்நிறுவனம் தடுத்தது. உலாவிகளும் அதனை அகற்றின. அதிற் காப்புக் குறைகள் மலிந்திருந்தமையால் அம்முடிவைக் குறைகூறோம். எமக்கு நேர்ந்த இழப்பு வேறு. பாடங்கள் திறவாமையைக் கண்டு, அவற்றைத் தாங்கிய தளத்தினர் இனி இவை எதற்கெனக் கோப்புக்களையே நீக்கிவிட்டனர். எம்மிடமோ படியில்லை. ‘இணையத்தில் இருக்கிறதே’ என்று இறுமாந்திருந்தோம். பின்னர், ஆர்வலர் சிலர் பிளாஷைப் போல இயங்கும் ‘றபிள்’ என்னும் மென்பொருளை ஆக்கிப் பழைய ஆக்கங்கள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தனர் என அறிந்து மகிழ்ந்தோம். ஆனால் கோப்பைப் பேணியவர்க்கன்றோ அம்மருந்து பயன்படும்! உடலைத் தொலைத்தவர்க்கு உயிர் கொடுப்போன் வந்தும் பயன் என்ன?

நான்காவதே யாவற்றினும் முதன்மையானது. ஆளி தருவோம் என்கின்றனர். தருவர், ஆனால் அது எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத மூலையிலே வைக்கப்படும், சுருக்கமோ முகப்பிலே நிற்கும். முகப்பில் நிற்பதையே மாணவன் படிப்பான். க.பொ.த. தேர்வுக்கு நூலைக் கல்லாது வினாவிடைத் துணைநூலை மட்டுங் கற்கும் வழக்கத்தோடு நாம் இன்றும் போராடுகின்றோம். இனிமேல் துணைநூலையும் புரட்ட வேண்டா; உலாவியே பிழிந்து ஊட்டும்.

நம் முன்னோரும் மூலத்தை எளிதாக்கிக் கொடுத்தவரே. பதவுரை வகுத்தனர், பொழிப்புரை தந்தனர், விளக்கவுரையும் விரித்தனர். ஆயின், உரை எங்கும் மூலத்தின் கீழேயே நின்றது. பரிமேலழகரைக் கற்பவன் முதலிற் குறளைக் கண்டே அவருரைக்கு இறங்குவான். உரை தவறெனத் தோன்றின் மூலத்தைக் கொண்டு அவரையே மறுக்கவும் செய்வான். உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்த மறுப்புக்களாலன்றோ நமது இலக்கணக் கல்வி கூர்மையுற்றது? மூலத்தை மறைத்துப் பொழிப்பை மட்டுங் காட்டும் உலாவியில் அம்மறுப்புக்கு இடமேது? எழுதியவன் ஒருவன், சுருக்கியது ஒன்று, படிப்பவன் வேறொருவன் என்றாகும்போது, பிழைக்குப் பொறுப்பேற்பவர் எவருமிலர்.

இத்துணை கண்பார்வை குன்றியோர்க்கு உதவாதோ, நீண்ட அரசாங்கச் சுற்றறிக்கையைப் படிக்க நேரமில்லா அலுவலர்க்குப் பயன்படாதோ என வினவின், உதவும், பயன்படும் என்றே விடையிறுப்போம். ஊன்றுகோல் வேண்டியவர்க்கு அது பெருங்கொடை. நடக்கப் பழகும் குழவியின் கையிலும் அதனைக் கட்டாயமாகத் திணித்தலையே மறுக்கின்றோம்.

ஆகவே செய்யத்தக்கது யாது? இற்றைப்படுத்தல் வரின் ஏற்றுக்கொள்க, காப்புக்காக ஏற்றுக்கொள்க. வந்ததும் அமைப்புக்களைத் திறந்து, எவை புதிதாக இயக்கப்பட்டுள்ளன என நோக்கி, வேண்டாதவற்றை நிறுத்துக. மாணவர்க்குச் சுருக்கத்தைக் காட்டுமுன் மூலத்தைப் படிக்கக் கொடுக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, அரிய தமிழ் எழுத்து எதையும் ஓர் உலாவியின் தயவில் மட்டும் விடாது படியெடுத்து வைக்க.

இது நமக்குப் புதிய அறமன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகள் செல்லரித்து மாய்தல் கண்டு இரங்கி, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஓலையிலிருந்து தாளுக்கு உலகம் மாறிய வேளையிற் படியெடுக்கப்பட்டவை பிழைத்தன, ஏனையவை போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும், வேறிடத்திற் படியில்லாதவை மீளவேயில்லை. தீயினாற் போவதும் செல்லினாற் போவதும் அறிவிப்பின்றி அகற்றப்பட்டுப் போவதும் இழந்தவர்க்கு ஒன்றே.

பழைய மாணவராகிய அன்பர்களிடம் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. உங்களிற் கணினித் துறையில் மேம்பட்டார் பலர். கல்லூரியின் பழைய மலர்களையும், ஆசிரியர்கள் ஆக்கிய பாடங்களையும், எந்த உலாவியும் எந்த நிறுவனமும் துணையின்றித் திறக்கத்தக்க எளிய வடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் பேணிவைக்க முன்வாருங்கள். எமது எதிர்வுகூறல்கள் பொய்த்துப்போயின் முதலில் மகிழ்பவர் நாமே. அடுத்த விழா மலரில் அதனை ஒப்பி எழுதவும் கூசோம். மெய்த்துப்போயின், படியாவது எஞ்சும். இம்மலரையும் வாசித்து முடித்தபின் அலுமாரியில் ஓரிடத்தில் வையுங்கள். இதனைத் திறக்க இற்றைப்படுத்தல் எதுவும் வேண்டா.