கடிகாரத்துக்கு எத்தனை கங்காணிகள்?

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நேராக நள்ளிரவுக்குத் தாவின. கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கும் அதே நேரம்தான். சூரியன் மட்டும் உத்தரவை மதிக்கவில்லை. அங்கே இன்றும் உச்சிவெயில் ஏறத்தாழ ஒன்றேகாலுக்குத்தான்.

ஆனால் உத்தரவு ஒரே இடத்திலிருந்து வந்தது.

மெய்நிகர் கணினிகளில் அந்த ஒழுங்கு பல நேரம் இருப்பதில்லை. உள்ளே ஓடும் இயங்குதளம் என்.டி.பி. என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை வழியாக நேரம் கேட்கிறது. அதைத் தாங்கும் கணினியின் மென்பொருளும் அதே கடிகாரத்தைத் திருத்துகிறது. ஒரே ஆளை இரண்டு கங்காணிகள் ஏவினால் வேலை உருப்படுமா? மெய்நிகர் கணினிக்கான துணை மென்பொருளான வி.எம்.வேர் டூல்ஸில் தொடர் ஒத்திசைவை அணைத்தாலும், முன்பு சேமித்த நிலைக்கு (ஸ்னாப்ஷாட்) திரும்பும்போது அது நேரத்தை மாற்றக்கூடும். அதை நிறுத்தத் தனி அமைப்பு உண்டு. உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை வழக்கமாகப் பொறுப்பது ஐந்து நிமிட வேறுபாட்டை. மிஞ்சினால் உள்நுழைவே கிடையாது.

பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பதியும் வருகையும் கொழுந்து எடையும் சர்வரில் ஏறும் தோட்டங்களில், தாவிய நேரம் கூலிக் கணக்கையே குழப்பலாம். ஆகவே திருத்தும் உரிமையை ஒரே இடத்துக்குக் கொடுங்கள். மலேசிய நேரத்தைக் காக்கும் சிரிம் அளவியல் கழகத்தோடு அந்த இடத்தை இணைத்து, யார் எப்போது மாற்றினார் என்பதைப் பதிவேட்டில் வையுங்கள். தொழிற்சங்கம் கேட்டால் காட்டுங்கள்.