விமானத்துக்கும் வேண்டும் முட்டுக்கட்டை

2018 அக்டோபர் 12, அதிகாலை ஒன்றரை மணி இருக்கும். திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதை முடிந்த பிறகும் போதிய உயரம் எழும்பவில்லை. தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் ஆன்டெனாவை முறித்து, சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டு மேலேறியது. உள்ளே 130 பயணிகள், 6 பணியாளர்கள். கட்டுப்பாட்டு அறை எச்சரித்தபோது, கருவிகள் சரியாகவே இருப்பதாக விமானிகள் சொன்னார்கள். அரபிக் கடலுக்கு மேல் வெகுதூரம் போன பிறகு திரும்ப அழைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து மும்பையில் இறங்கியபோதுதான் அடிப்பாகம் கிழிந்திருந்தது தெரிந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

இப்படி ஒரு செய்தி வந்ததும், 'பைலட் என்ன செய்துகொண்டிருந்தார்?' என்றுதான் நாம் கேட்கிறோம். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை அதற்குப் பதில் சொல்கிறது. ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தபோது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னால் சரிந்தது. அந்தத் தடுமாற்றத்தில், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி அவரை அறியாமல் பின்னுக்கு இழுபட்டது. விசை குறைந்ததைக் கேப்டன், துணை விமானி இருவருமே கவனிக்கவில்லை.

அது கவனக்குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால், புறப்பாட்டு ஓட்டம் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் அதிர்ச்சியிலிருந்து மீண்டு, கருவிகளைப் பார்த்து, நிறுத்துவதா பறப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அவசரத்தில் மனம் ஒன்றையே பற்றிக்கொள்ளும். மற்றவை கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 11 மாலை. அதே விமான நிலையம், அதே நிறுவனம், அதே போயிங் 737 வகை. 141 பயணிகளோடு ஷார்ஜாவுக்குப் புறப்பட்டதும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. விமானிகள் எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமிட்டார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்திருந்தன. இரவு எட்டேகால் மணியளவில் விமானம் பத்திரமாக இறங்கியது.

இரண்டும் வேறு வேறு கோளாறுகள்தான். ஆனாலும் ஒரு வேறுபாடு மனதில் நிற்கிறது. முன்னவர்களுக்குக் கிடைத்தவை நொடிகள். பின்னவர்களுக்குக் கிடைத்தவை மணிகள். பின்னவர்களின் திறமை வெளிப்பட நேரம் இடம் கொடுத்தது. நொடிகளில் நடப்பதை யாராலும் நீட்டிக்க முடியாது. ஆனால் அந்த நொடிகளைத் தெளிந்த மூளையோடு சந்திக்கும் நிலையில் விமானியை வைத்திருக்க முடியும். அது தரையில் இருப்பவர்களின் கடமை.

அந்தக் கடமை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மாநிலங்கள் பார்த்துவிட்டன. 2010இல் மங்களூர் விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி தூங்கி எழுந்த கேப்டன், தரையிறங்கும் முயற்சியைக் கைவிடச் சொன்ன துணை விமானியின் குரலுக்குச் செவிகொடுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டு விமான விபத்தில் 21 உயிர்கள் போயின. மறுநாள் காலை அங்கிருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் கேப்டனை எப்படியாவது இறங்கத் தூண்டியது என்றும், அந்தத் தளத்தில் போதிய கேப்டன்கள் இல்லாததற்கு நிறுவனத்தின் பணியாளர் கொள்கையே காரணம் என்றும் விசாரணை அறிக்கை கூறியது. தவறிய கை விமானியுடையது; அவரை அவசரப்படுத்தியது அலுவலக மேசையில் தயாரான பணிப்பட்டியல்.

இதை உணர்ந்துதான் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, விமானிகளுக்குப் புதிய பணிநேர விதிகளைக் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. 2025 நவம்பரில் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. விதிகள் வருவது முன்பே தெரிந்தும் போதிய ஏற்பாடு செய்யாததே காரணம். முடிவில் அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. ஆள் சேர்க்காதவருக்குச் சலுகை கிடைத்தது. சுமை மறுபடியும் விமானியின் தோளுக்கே வந்தது. இது சரியல்ல.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆனால் வீதி முனையில் தேர் திரும்புவதும், எங்கும் மோதாமல் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில் இருக்கிறது. ஊர்ப்பேச்சில் 'முட்டுக்கட்டை போடாதே' என்பது வசை. தேரடியில் நிற்பவருக்குத்தான் அது உயிர்காக்கும் வேலை என்று தெரியும். 'இன்று களைப்பாக இருக்கிறேன், ஓட்டமாட்டேன்' என்று சொல்லும் விமானியும், 'இறங்க வேண்டாம்' என்று சொல்லும் துணை விமானியும் போடுவது அந்த முட்டுக்கட்டைதான். அதற்காக அவர்களின் சம்பளமோ பதவி உயர்வோ குறையக் கூடாது. ஓய்வு விதிகளில் விலக்கும் கூடாது.

கோபுரச் சாயலோடு எழுந்த திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டடம் பெருகிய அளவுக்கு விமானிகளின் எண்ணிக்கையும் பெருக வேண்டும். வளைகுடா வேலைக்குப் போகும் டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகள் நள்ளிரவில் அங்கே காத்திருக்கிறார்கள். 'விமானிகள் மாற வேண்டியிருப்பதால் தாமதம்' என்று ஒருநாள் அறிவிப்பு வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். வழியனுப்ப வந்திருக்கும் தாய் தகப்பனுக்கு, அந்த ஒரு மணி நேரத் தாமதம் பெரிய ஆறுதலாக இருக்கட்டும்.