மாவுக் கரண்டியில் இருக்கிறது கடையின் பெயர்

குமாரபாளையத்தில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தறி வேலை முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களுக்கு அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்ட நேரம் ஏது? ஆகவே மளிகைக் கடைகளில் இட்லி மாவு நிலையான வியாபாரமாகிவிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மாவு, பருப்பு புளியைப் போன்ற சரக்கன்று. நம் கையை விட்டுப் போன பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும்.

காலையில் வாங்கிய மாவு மாலைக்குள் புளித்துவிட்டது என்று வாடிக்கையாளர் குறை சொன்னால் வெயிலைக் காரணம் காட்டுகிறோம். வெயிலும் காரணம்தான். ஆனால் கரண்டியின் காம்பிலும், அளவுக் குவளையின் விளிம்பிலும், புனலின் கழுத்திலும் காய்ந்து ஒட்டியிருக்கும் நேற்றைய மாவை யார் கணக்கில் எடுக்கிறோம்?

பழைய மாவு சற்று ஒட்டியிருந்தால்தான் புது மாவு பொங்கும் என்று சொல்வாரும் உண்டு. அது தேவையில்லை. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் தாமாகவே வருகின்றன. காய்ந்த மாவிலோ வேண்டாத கிருமியும் பூஞ்சணமும் சேர்ந்தே குடியிருக்கும்.

இதற்குப் பெரிய செலவில்லை. இரவு கடை கட்டும்போது சிறிது நேரம் போதும். முதலில் மாவு காயுமுன் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். அழுக்கு இருக்கும்வரை வெந்நீரோ மருந்தோ முழுப் பலன் தராது. அடுத்து, எவர்சில்வர் சாமான்களைக் கொதிக்கும் நீரில் 5 நிமிடம் மூழ்கவிட வேண்டும்.

வெந்நீர் தாங்காத பிளாஸ்டிக் குவளைகளுக்கு 10 லிட்டர் நீரில் 5 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் போதும். சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் 5 நிமிடம் ஊறவிட்டு, ஆறவைத்த கொதிநீரில் அலச வேண்டும். அலுமினியப் பாத்திரத்துக்கு இது ஆகாது, அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எதையும் ஒருபோதும் கலக்கலாகாது; நச்சு வாயு கிளம்பும்.

கடைசியாக, கவிழ்த்து வைத்துக் காற்றில் உலர்த்த வேண்டும். கல்லாவைத் துடைத்த துணியால் கரண்டியையும் துடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளது. சிறு உணவு வணிகரும் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார முறைகள் அதன் விதிகளில் உள்ளன. அதிகாரி வரும் நாளில் மட்டும் அண்டாவைப் பளபளப்பாக்குவது வணிகருக்கு அழகன்று. சோதனையைக் குறை சொல்லுமுன், சோதனைக்கு அஞ்சாத கடையாக நம் கடையை வைத்துக்கொள்வோம்.

பெரிய கம்பெனிகளின் பாக்கெட் மாவு நம் ஊர்க் கடைகளுக்கும் வருகிறது. விலையிலோ விளம்பரத்திலோ அவர்களோடு நம்மால் போட்டியிட இயலாது. "அண்ணாச்சி கடை மாவு நம்பி வாங்கலாம்" என்னும் பேச்சு ஒன்றே நமது முதல். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு வீட்டில் சந்தேகம் எழுந்தால், அந்தத் தெருவே நம்மை விட்டுப் போய்விடும். அந்த முதலைக் காக்க ஒரு வாளி வெந்நீர் அதிகச் செலவன்று என்பதே நமது கருத்து.