முகப்பு தயார், செயலி தயாரா?

கூகுள் நிறுவனம் 2025 மே மாதம் ‘ஸ்டிட்ச்’ என்ற கருவியைச் சோதனை நிலையில் வெளியிட்டது. தேவையை எழுதினாலோ, தாளில் வரைந்த படத்தைக் கொடுத்தாலோ, செயலியின் திரைகளை வடிவமைத்து, அவற்றுக்கான நிரலையும் அது எழுதித் தருகிறது.

உணவுக்கடை நடத்துபவர் தமது செயலியின் தோற்றத்தைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால், அது முகப்பு மட்டுமே. ஆர்டரைப் பதிவது, பணம் பெறுவது, வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாப்பது எல்லாம் பின்னணியில் நடக்கும் தனி வேலைகள்.

திரை வடிவமைக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு இனி வாய்ப்பு குறையலாம். தரவுத்தளமும் பாதுகாப்பும் கற்று, இயந்திரம் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பவர்களின் தேவை குறையாது. எஸ்.பி.எம். முடித்துக் கணினித் துறையில் சேரும் பிள்ளைகளும் பெற்றோரும், கட்டணத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், இவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்றும் கல்லூரியில் கேட்பது நல்லது.