குளச்சலில் பழைய வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல அக்கா, தங்கச்சி கையெழுத்தைப் பாருங்க!

கடற்கரைக்கு நடந்தே போகலாம். மீன் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் பக்கத்திலேயே இருக்கும். குமரி மாவட்டம் குளச்சலின் பழைய தெருக்களில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்றால், வளைகுடா நாடுகளில் இருந்தும் விசாரிப்பு வரும். சொந்த ஊரில், கடல் பக்கம் ஒரு வீடு என்பது இங்கே பலருக்கும் வாழ்நாள் கனவு.

சாதாரண ஊரா இது? 1741 ஆகஸ்ட் 10-ம் தேதி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இந்தக் கரையில்தான். அந்த வெற்றியின் நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. ஆனால், வீடு வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அந்தத் தூணில் இல்லை. பழைய பத்திரத்தில் இருக்கிறது.

ஒரு குடும்பம் வீடு பார்க்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அயினி மரத்தில் செய்த கதவு, முற்றம், கிணறு என எல்லாமே பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில், கூட வந்த பெரியம்மா மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்கிறார்.

“உனக்க தங்கச்சிமாரு எங்க மக்ளே?”

“அவளுகளுக்குக் கல்யாணத்துக்கே சீதனம் எல்லாம் கொடுத்தாச்சும்மா. இதுல பங்கு ஒண்ணும் கிடையாது.”

அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். பல லட்ச ரூபாய் சேமிப்பு சிக்கிக்கொள்வது இந்த ஒரு பதிலில்தான்.

சீதனம் கொடுத்தால் பங்கு போய்விடுமா?

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார்தான் அவர். 1986-ல் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். அந்தத் தேதியில் குமரியும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அதனால் இங்கேயும் அதே கதைதான். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

இந்துக் குடும்பங்களில் தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் 1956 சட்டப்படி மகளுக்குச் சம பங்கு உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் சகோதரனுக்குக் கிடைப்பதில் பாதி சகோதரிக்கு. கணக்கு மாறலாம். ஆனால், மகளுக்குப் பங்கே இல்லை என்பது எதிலும் இல்லை.

வில்லங்கச் சான்று போதாதா?

போதாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். வெளியூரில் இருக்கும் தங்கையின் உரிமை அதில் வராது. அதனால் இவற்றையும் பாருங்கள்:

• இறந்துபோன உரிமையாளரின் வாரிசு சான்றிதழைக் கேளுங்கள். அதில் இருக்கும் அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

• ‘விட்டுக்கொடுத்துட்டாங்க’ என்றால், பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை செல்லாது.

• சகோதரி இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளையும் விசாரியுங்கள்.

• திருவிதாங்கூர் காலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுங்கள். அதில் இருப்பது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். 1110 என்றிருந்தால் 1934-35.

கடலையும் கேளுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியை குளச்சல் மறக்கவில்லை. வீடு கடலில் இருந்து எவ்வளவு தூரம், அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

கடலின் உயர் ஓத எல்லையில் இருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. நகராட்சி போல வளர்ந்த பகுதியில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்ட முடியும். ‘இடிச்சுட்டு மாடி கட்டிக்கலாம்’ என்று புரோக்கர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பழைய வீட்டுக்கே அனுமதி இருக்கிறதா என்று நகராட்சியில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்புக்காற்று கம்பியைத் தின்னும். கான்கிரீட் கூரையில் விரிசலும் துருக்கறையும் இருந்தால் பொறியாளரைக் கூட்டிப்போங்கள். ஓட்டு வீடு என்றால் கழுக்கோலிலும் உத்தரத்திலும் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை மழைக்காலத்தில் ருசி பார்த்து ஏமாற வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் உப்புக் கரிக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

செலவுக் கணக்கு

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். வீட்டு விலையோடு இந்த 9 சதவிகிதத்தையும் சேர்த்தே பணம் புரட்டுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு.

மறுபடி அந்தப் பெரியம்மாவிடம் வருவோம். தங்கைகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் பங்குப் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, கையெழுத்து வாங்க மூன்று மாதம் கூடுதலாக ஆகலாம். ஆகட்டும். கோர்ட்டுக்கு அலையும் வருடங்களோடு ஒப்பிட்டால் மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் சேர வேண்டியது சேரும். வாங்கியவர்களும் கடல் காற்றில் நிம்மதியாகத் தூங்கலாம்.