திறன்பேசியும் கட்டாயக் கொள்வனவும்

2021ஆம் ஆண்டிலே நாட்டிற் பால்மாவுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, வேறு பண்டங்களையும் உடன் வாங்குவோருக்கு மட்டுமே பால்மாவை விற்கும் வழக்கம் சில கடைகளில் தலைகாட்டிற்று. மக்கள் வெகுண்டனர். நிபந்தனை விதித்து விற்பது தவறென்று பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் எச்சரித்தது. குழந்தைக்குப் பால் தேடி வந்த தாயின் கையில் அவள் கேளாத சவர்க்காரத்தைத் திணிப்பது வணிகமன்று, வழிப்பறி என்பதை உணர எவருக்கும் பொருளியற் பட்டம் தேவைப்படவில்லை. அதே செயலைக் கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் செய்யும்போது மட்டும் அதற்குப் ‘பொதி’ என்றும் ‘சலுகை’ என்றும் பெயர் சூட்டப்படுகின்றது. படித்தவர்களும் அப்பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர்.

திறன்பேசியை வைத்திருத்தல் வேறு; இணையத் தரவை மாதந்தோறும் வாங்கச் சம்மதித்தல் வேறு. முன்னதைக் காரணங்காட்டிப் பின்னதைக் கட்டாயமாக்குவது அநீதியாகும். அவ்வநீதியின் பாரம் வறியவரின் தோளிலேயே இறங்குகின்றது என்பது அதனினும் கொடிது.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கட்டாயம் ஒளிவுமறைவின்றியே நடைமுறைக்கு வந்தது. 2009 செப்டெம்பர் முதல், புதிதாகத் திறன்பேசி வாங்கும் வாடிக்கையாளர் தரவுத் திட்டமொன்றையும் எடுத்தே ஆகவேண்டுமென ஏ.ரி. அன் ரி. நிறுவனம் விதித்தது. வீட்டில் உள்ள வைஃபை இணைப்பே போதும், வெளியிற் செல்லும்போது பேச முடிந்தாற் போதும் என்பாருக்கும் விலக்கில்லை. திட்டமின்றித் தரவைப் பயன்படுத்துவோர் எதிர்பாராத பெருந்தொகைப் பட்டியலைக் காண நேரிடும், அதிலிருந்து அவர்களைக் காப்பதே இத்தகைய விதிகளின் நோக்கம் என்பது கம்பனிகளின் தரப்பிற் கூறப்படும் நியாயம். காக்கும் எண்ணம் உண்மையாயின், வேண்டாதவரின் இணைப்பில் தரவை வலையமைப்பிலேயே நிறுத்திவிடலாம். அதற்கான தொழில்நுட்பம் கம்பனியின் கையில் உள்ளது. வாசற்கதவைப் பூட்டும் வசதியை மறைத்துவிட்டுக் காவற்கூலி கேட்பவனைக் காவலன் என்று எவரும் சொல்லார்.

இந்தியாவிலே கட்டாயம் வேறு வடிவம் எடுத்தது. அங்கு எவரும் விதி எழுதவில்லை. பேச்சுக்கென மட்டும் இருந்த திட்டங்கள் விலைப்பட்டியல்களிலிருந்து படிப்படியாக மறைந்தன. எஞ்சியவற்றில் பேச்சும் தரவும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. இணையமே இல்லாத சாதாரணத் தொலைபேசியை வைத்திருந்த ஏறத்தாழ 15 கோடிப் பேரும் தம் கருவி தொடவே இயலாத தரவுக்குக் காசு கொடுக்கும் நிலை உருவாயிற்று. 2024 டிசெம்பர் 23ஆம் திகதி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதில் தலையிட்டது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு கம்பனியும் வழங்கவேண்டுமென்றும், இத்தகைய திட்டங்களின் செல்லுபடிக் காலம் 365 நாள்கள் வரை நீளலாமென்றும் அது விதித்தது.

அதன்பின் நிகழ்ந்தது உற்று நோக்கற்பாலது. 2025 ஜனவரியில் எயார்டெல் நிறுவனம், 6 கிகாபைற் தரவுடன் 84 நாள்களுக்கு 509 ரூபாவாக இருந்த திட்டத்திலிருந்து தரவை நீக்கி, விலையை 499 ரூபா ஆக்கியது. ஆறு கிகாபைற்றின் பெறுமதி பத்து ரூபாதானா? பத்து ரூபாதான் எனில், தரவு விலையுயர்ந்த பண்டமென்று இத்தனை காலமும் கூறப்பட்டது பொய். பத்து ரூபாவுக்கு மேல் எனில், பேச்சின் விலை இரகசியமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. இரண்டில் எது உண்மையாயினும் குற்றம் குற்றமே. சில நாள்களிலேயே அவ்விலை 469 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. கேள்வி கேட்கப்படும் இடத்திலேதான் விலையின் உண்மை சிறிதேனும் வெளிப்படுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இலங்கையை நோக்குவோர் ஒரு தடையை எழுப்பக்கூடும். இங்கு அத்தகைய விதி எதுவுமில்லை. முற்கொடுப்பனவு இணைப்பிற் பேசிய அளவுக்கு மட்டும் பணம் செலுத்தும் வழி திறந்தே உள்ளது. ஆகவே கட்டாயம் எங்கே என்பது அத்தடை. இங்குள்ள கட்டாயம் விதியில் இல்லை, விலையில் உள்ளது. திறன்பேசி என்பது உரிமையாளர் உறங்கும்போதும் உறங்காத கருவி. செயலிகள் தம்மைத் தாமே புதுப்பிக்கின்றன. படங்கள் தாமே இறங்குகின்றன. பொதி வாங்காதவரின் கணக்கில் இவை பொதிக்குப் புறம்பான உயர்ந்த விகிதத்திற் கழிக்கப்படுகின்றன. நூறு ரூபாவுக்கு ‘ரீலோட்’ போட்டவர், பேச எடுக்கும்போது மீதி இல்லை என்ற குரலைக் கேட்கின்றார். இருமுறை இவ்வாறு இழந்தவர் மூன்றாம் முறை பொதியை வாங்குகின்றார். அவர் விரும்பித் தெரிவுசெய்ததாகக் கம்பனியின் ஏடு பதிவு செய்கின்றது. தண்டனைக்கு அஞ்சிச் செய்யப்படும் தெரிவு தெரிவாகுமா?

மன்னார் நகரை அடுத்துள்ள கீரி போன்ற கரையோரக் கிராமமொன்றில் இவ்வமைப்பு எவ்வாறு செயற்படும் என்பதைச் சிந்திக்கவேண்டும். கடற்றொழிலாளரின் நாட்காட்டி காற்றினால் எழுதப்படுவது. சோளகம் வலுக்கும் நாள்களிலும் வாடை சீறும் நாள்களிலும் படகு கரையேறிக் கிடக்கும். வருமானமும் கரையேறிக் கிடக்கும். கம்பனியின் நாட்காட்டியோ காற்றை அறியாது. முப்பது நாள் என்றால் முப்பது நாள். கடல் கொந்தளித்த பத்து நாளும் பொதியின் ஆயுள் கரைந்துகொண்டேயிருக்கும். மாதமுடிவில் மிஞ்சிய தரவு, காசு கொடுத்து வாங்கப்பட்டதாயினும், வாங்கியவனுக்கு உரியதன்று.

அதே தொழிலாளி தன் இயந்திரத்துக்கு வாங்கும் மண்ணெண்ணெயுடன் இதை ஒப்பிடுக. பத்து லீற்றர் வாங்கி ஆறு லீற்றர் எரித்தால், மிகுதி நான்கு லீற்றரும் கலனில் அவனுடையதாகவே இருக்கும். முப்பதாம் நாள் இரவு எண்ணெய்க் கடைக்காரன் வந்து அதைக் கொட்டிச் செல்வதில்லை. தபால் நிலையத்தில் வாங்கிய முத்திரை மாதம் முடிந்ததும் வெற்றுக் காகிதமாவதில்லை. வவுனியாவிலும் மன்னார் நகரிலும் ஒரு காலத்திற் பெருகியிருந்த ‘கொமினிகேசன்’ கடைகளிலே வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுடன் பேசக் காத்திருந்த தாய்மார்கூடப் பேசிய நிமிடத்துக்கே காசு கொடுத்தனர். விற்கப்பட்ட பின்னரும் விற்றவனுக்கே உரித்தாக இருக்கும் விசித்திரப் பண்டம் இந்தத் தரவு ஒன்றேயாகும்.

கடற்கரை மக்கள் இவ்வகைப் பிணைப்பை முன்னரே அறிவர். சம்மாட்டியிடமோ மீன் வியாபாரியிடமோ முற்பணம் பெற்றவன், பிடித்த மீனை அவரிடமே, அவர் கூறும் விலைக்கே கொடுக்கவேண்டியவனாகின்றான். வேறிடத்தில் நல்ல விலை இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போக இயலாது. அந்தப் பிணைப்பைச் சுரண்டல் என்று எழுதிய சமூகவியற் கட்டுரைகள் பல்கலைக்கழகங்களில் ஏராளம். சம்மாட்டிக்காவது முகம் உண்டு; அவரிடம் முறையிடலாம், முரண்படலாம். புதிய சம்மாட்டிக்கு முகமில்லை. ஓர் எண்ணை அழுத்துக, இன்னோர் எண்ணை அழுத்துக என்று கூறும் பதிவுசெய்யப்பட்ட குரல் மட்டுமே உண்டு.

இன்னுமோர் உண்மையும் உண்டு. கையிற் பணம் குறைந்தவன் சிறிய பொதியையே வாங்குகின்றான். சிறிய பொதியிலேதான் ஒவ்வோர் அலகின் விலையும் கூடுதலாக உள்ளது. தென்னாபிரிக்காவின் போட்டி ஆணைக்குழு 2019 டிசெம்பரில் வெளியிட்ட தரவுச் சந்தை விசாரணை அறிக்கை இதை வெளிப்படையாகக் கண்டித்தது. சிறு பொதி வாங்கும் வறியவர், பெரும் பொதி வாங்கும் வசதியுடையோரைவிட ஒரு மெகாபைற்றுக்குப் பன்மடங்கு கொடுப்பதை அது சுட்டிக்காட்டி, இரு பெரும் கம்பனிகளும் விலைகளை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கவேண்டுமென்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் எஞ்சிய தரவை அடுத்த காலத்துக்குக் கொண்டுசெல்லவும் பிறருக்கு மாற்றவும் வழிசெய்தன. வாடிக்கையாளரின் சம்மதமின்றிப் பொதிக்குப் புறம்பான கட்டணம் அறவிடுவதையும் தடுத்தன. அந்நாட்டின் கம்பனிகள் இதனால் மூடப்படவில்லை.

கம்பனிகளின் தரப்பில் மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. கோபுரங்களுக்கும் அலைக்கற்றைக்கும் பெருமுதல் தேவை என்பது முதல் வாதம். அது உண்மையே. ஆனால் முதலீட்டுச் செலவை நியாயமான நிலையான கட்டணமாக வெளிப்படையாகக் கேட்கலாம். பயன்படுத்தாத தரவின் பெயரால் மறைமுகமாகப் பிடுங்க வேண்டியதில்லை. நவீன வலையமைப்பிற் பேச்சும் தரவாகவே செல்கின்றது, இரண்டையும் பிரிக்க இயலாது என்பது இரண்டாவது. நான்காம் தலைமுறை வலையமைப்பைப் பொறுத்தவரை இதுவும் உண்மையே. அவ்வாறாயின் பேச்சுக்கு வேறு விலையும் தரவுக்கு வேறு விலையும், பகலுக்கு ஒரு கணக்கும் இரவுக்கு ஒரு கணக்கும் பட்டியலிற் பிரிந்து நின்றது எவ்வாறு? கம்பனிக்கு இலாபமாயிற் பிரிக்கலாம், பாவனையாளருக்கு இலாபமாயிற் பிரிக்க இயலாது என்பது தொழில்நுட்பமன்று, தந்திரம். போட்டி உள்ள சந்தையில் விலை தானே சீராகும் என்பது மூன்றாவது. 2009இல் எயார்டெல் இலங்கைக்கு வந்தபோது கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் ஐந்து இருந்தன. 2018இல் எட்டிசலாட் ஹட்ச்சுடன் இணைந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. எஞ்சியவை மூன்று. போட்டி தேய்ந்துகொண்டே போகும் சந்தையிலே போட்டியின் பெயரால் பொறுமை காக்கச் சொல்வது நகைப்புக்கிடமானது.

கடற்றொழிலாளருக்கு இணையம் வேண்டாமென்பதா இதன் பொருள் என்று சிலர் கேட்கலாம். அன்று. காற்றின் போக்கையும் சந்தை விலையையும் அறிய இணையம் அவருக்கும் வேண்டும்; அவருடைய பிள்ளைக்கு அதைவிட வேண்டும். எவ்வளவு, எப்பொழுது, எந்த விலைக்கு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருக்கவேண்டும் என்பதே வாதம்.

இந்த இடத்திலே கல்வி நிறுவனங்களும் தம்மைத் தாமே விசாரிக்க வேண்டியுள்ளது. விரிவுரைக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வருகின்றது. பரீட்சை அறிவித்தல் அங்கேயே வருகின்றது. பாடசாலையின் வீட்டுவேலையும் அங்கேயே வருகின்றது. தரவு வாங்காத மாணவன் வகுப்பில் இருந்தும் இல்லாதவன் ஆகின்றான். கம்பனி ஒருபுறம் நெருக்க, கல்விக்கூடம் மறுபுறம் நெருக்குகின்றது. இது மாற்ற இயலாத விதியன்று. 2020இல் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகக் கற்றற் தளங்களை மாணவர் கட்டணமின்றி அணுகச் சில மாதங்கள் வழி செய்யப்பட்டது. மனம் இருந்தபோது மானி நிறுத்தப்பட்டது. நிறுத்த முடிந்த ஒன்றை மீண்டும் ஓடவிட்டவர்கள், அது இயற்கையின் நியதி என்று இனிக் கூற இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்புக் கூறவேண்டியது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவாகும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் பாவனையாளரின் நலனைக் காக்கும் கடமையை அதன்மேற் சுமத்தியுள்ளன. தலையிடுவது அதற்குத் தெரியாத கலையன்று. 2010இல் கம்பனிகளிடையே விலைப்போர் மூண்டு கட்டணங்கள் சரிந்தபோது, அழைப்புகளுக்குக் குறைந்தபட்ச விலையை விதித்து அது தலையிட்டது. 2022 செப்டெம்பரிற் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்வதற்கு அது அனுமதி வழங்கியது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரேதான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியிருந்தது. கடற்றொழிலாளரின் அடுப்பும் இயந்திரமும் ஒருங்கே அணைந்த வேளையில் அவருடைய தொலைபேசியின் விலையும் உயர்ந்தது. விலை வீழாமல் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த கைக்கு, வறியவன் வீழாமல் தாங்கிப் பிடிக்கத் தெரியாதா?

வேண்டப்படுபவை மிகையானவையல்ல. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, நீண்ட செல்லுபடிக் காலமுள்ள திட்டமொன்றை ஒவ்வொரு கம்பனியும் வழங்கவேண்டும். பொதி முடிந்ததும், வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தாலன்றித் தரவு தானாகவே நிற்கவேண்டும். காசு கொடுத்து வாங்கிய தரவு, பயன்படுத்தி முடியும்வரை வாங்கியவருக்கே உரியதாதல் வேண்டும். சிறு பொதியின் அலகு விலைக்கு உச்சவரம்பு வேண்டும். கற்றற் தளங்கள் மீண்டும் கட்டணமின்றித் திறக்கப்படவேண்டும். இவற்றில் ஒன்றேனும் உலகம் காணாத புதுமையன்று. அண்டை நாட்டிலும், ஆபிரிக்காவிலும், இந்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் ஒவ்வொரு பகுதியாக நடைமுறையிற் கண்டவற்றின் வழிவந்தவையே.

இக்கோரிக்கைகளை மாணவர் அவைகளும் ஆசிரியர் சங்கங்களும் எழுத்து வடிவில் ஆணைக்குழுவின் முன் வைக்கவேண்டும். கீரியின் கடற்றொழிலாளரிடம் அதற்கான நேரமும் இல்லை, அலுவலக மொழியும் இல்லை. அவை இரண்டும் உள்ளவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றனர். அக்கல்விக்கு வரி கொடுத்தவர்களில் அத்தொழிலாளியும் ஒருவர். அவர் கேளாமற் கொடுத்தார். கேட்கப்படாமலே அவருக்காகப் பேசுவது சலுகையன்று, கடன்.